லிஃப்ட் தின்ற மூன்று வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தணிந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? ஆஸ்திரியாவில், இந்த இன்ஸ்ப்ரூக் ஊரில் நான் சுகம், கவலைப்பட ஒன்றுமில்லை.

இங்கே ஆய்வகத்தில் லித்தியம் வாயுவை அணுக்களின் அசைவே ஏறக்குறைய நின்றுபோகும் அளவுக்குக் குளிரவைத்து, அதில் கொஞ்சம் பொட்டாசியம் அணுக்களைக் கலக்கிறோம். அந்த வேற்று அணு ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்து அணுக்களையும் இழுத்துக்கொண்டு ஒரே துகளாக நகரும். அதன் ஆற்றலை அளப்பது என் பொறுப்பு. காந்தப்புலம் மயிரிழை மாறினாலும் எண் மாறிவிடும். மூன்று வாரமாக அது ஒரு நிலையில் நிற்கவில்லை.

"அவசரத்துல நீதான் எதையோ தப்பா பண்ணியிருப்பே" என்றான் கூட வேலை செய்யும் வெண்டலின். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்றுதான் கவனித்தேன்: எல்லோரும் சாப்பிட இறங்கும் நேரத்தில்தான் எண் அதிகமாகத் துள்ளுகிறது.

"வெண்டலின், லிஃப்ட்ல ரெண்டு தடவ ஏறி இறங்கு."

"என்னைய என்ன பொம்மைன்னு நெனச்சியா?" என்று முனகிக்கொண்டே போனான். லிஃப்ட் நகர்ந்தபோதெல்லாம் எண்ணும் விலகியது. அதன் இரும்புதான் காந்தப்புலத்தைக் கலைத்திருக்கிறது.

திரும்பி வந்து திரையைப் பார்த்தவன், "மன்னிச்சிரு நுன்சியா. ஆனா மூணு வாரமும் குப்பைதான்" என்றான். ஆத்திரத்தில் குறிப்பேட்டை அறைந்து மூடினேன்.

சமையலுக்குக் காய்ந்த ஓரிகனோ இலை கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் மணமில்லை. உங்கள் பழைய கம்பளிச் சட்டையையும் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். கட்டடம் காலியாகி, ஓயாமல் ஓடும் லிஃப்ட் நிற்பது கிறிஸ்துமஸ் வாரத்தில்தான். அதனால் பண்டிகைக்கு நான் வீட்டுக்கு வரவில்லை, அப்பா. அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அழுதுவிடுவேன்.

வெண்டலின் கூப்பிடுகிறான்.

உங்கள் மகள்,
நுன்சியா