நேற்று பாயைத் தனியாக விரித்த காரணம்

என்னங்க,

மாலை வகுப்புக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு அடுப்படியில் மூடியிருக்கிறது. நேற்று பாயைத் தனியாக விரித்தது கோபத்தால் அல்ல. ஒரு மாதம் சேரக் கூடாதென்று டாக்டர் சொன்னார். சொல்லக் கூச்சமாக இருந்தது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குப் போன இடத்திலேயே, கருப்பை வாயில் பின்னாளில் புற்றுநோயாகக்கூடிய இடத்தை உறைய வைத்துவிட்டார்கள். திரையில் வெள்ளையாகப் பனி படர்ந்ததைப் பார்த்தேன்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"பின்னே, கத்தி கபடாவோட வருவோம்னு நெனச்சியாம்மா?" என்று நர்ஸ் சிரித்தார்.

என்றோ என்னைக் கொன்றிருக்கக்கூடியது என் கண்ணெதிரே உறைந்துபோனது. அதில்தான் வாயடைத்துப் போனேன். நீங்கள் அதை முறைப்பு என்று நினைத்துவிட்டீர்கள். சரியாகச் சொல்கிறேனா, தெரியவில்லை.

பி.கு.: எனக்குக் கொஞ்ச நாள் கீழே நீர் கசியுமாம், பயப்படாதீர்கள். நான் கனம் தூக்கக் கூடாதாம், குடத்தை நீங்களே தூக்குங்கள்.

இன்னொன்று: நான் வரும்வரை தூங்கிவிடாதீர்கள். அந்தப் பனியைப் பற்றி யாரிடமாவது சொல்லியாக வேண்டும். உங்களிடம்தான் சொல்ல முடியும்.