பணக்காரர் வரி, என் பெயரில்

ஏப்ரல் 7, திங்கள்
மழையும் பனியும் கலந்து. வீட்டு வாசலில் தெருக் குழி இன்னும் பெரிதாகிவிட்டது. பக்கத்தில் செம்மஞ்சள் கூம்பு ஒன்று வைத்திருக்கிறார்கள். வேலை நடக்கிறதாம்.

செய்ய: டயர் மாற்ற. ஓய்வுப் படிவம் எடுக்க. முழங்காலுக்குத் தைலம். 5 மணி, கணக்காளர் ராஜன்.

ராஜன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் கம்ப்யூட்டர்.

"அண்ணை, உங்களுக்கு மாற்றுக் குறைந்தபட்ச வரி வருது. வழமையான வரிக்கு மேலால."

"அது ஆர் கட்டுறது?"

"பெரிய லாபம் எடுத்த பணக்காரர்."

நான் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவன். இருபத்திரண்டு வருடமாக.

விஷயம் இதுதான்: போன வருடம் விற்ற நாலு வீட்டுக் கட்டடம், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், என் பெயரில் இருந்தது. பெயர் மட்டும். காசு போட்டதும் விற்ற காசை எடுத்ததும் தயா. மனைவி வசந்தியின் தம்பி. வாங்கின காலத்தில் அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை, வங்கி கடன் கொடாது. "அத்தான், சும்மா பேருக்குத்தான்" என்றான். நானும் வாசிக்காமலே கையெழுத்து வைத்தேன். வழமையான வரிக்கு அவன் தந்த காசு வங்கியில் பத்திரம். இந்தப் புதுசைப் பற்றி அவனுக்கும் தெரியாது.

எல்லாம் கேட்டுவிட்டு ராஜன்: "வீடு மச்சான்ர எண்டு ஏதும் எழுத்து இருக்கே?"

"மச்சானோட ஆர் எழுத்து வைக்கிறது?"

ராஜன் பேனாவை மூடி வைத்தார். கியூபெக் மாகாணத்துக்கும் தனியாக இப்படி ஒன்று உண்டாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்
வேலை. ஆறாம் மாடியில் கூரை ஒழுக்கு, வாளி வைத்தேன். பணக்காரர் வரி கட்டப்போகிறவன் வைத்த வாளி.

என் சம்பளம் வரிக்காசு. அதிலிருந்து நான் வரி கட்டுகிறேன். அந்த வரியிலிருந்து எனக்குச் சம்பளம். மத்தியானம் வரை யோசித்ததில் ஒரே இடத்தை மூன்று தரம் துடைத்துவிட்டேன். நன்றாகப் பளபளத்தது.

இரவுச் சாப்பாட்டில் மகள் ஆரணியிடம் கேட்டேன், வரிக்காசு எங்கே போகிறது என்று.

"அம்மாவின்ர கண் ஒப்பரேஷன். என்ர யூனிவர்சிட்டி. சின்னனில என்னை விட்ட கார்டெரி, அந்தப் பிள்ளைக் காப்பகம். சே பா கொம்ப்லிக்கே, அப்பா. சிக்கலே இல்லை."

"வாசல் குழி?"

"அது வேற பட்ஜெட்."

ஏப்ரல் 11, வெள்ளி
வெயில். ராஜன் போன் பண்ணினார். நல்ல செய்தியாம். இந்த மாற்று வரி போனது போனதல்ல. வரும் ஏழு வருடத்தில் என் வரியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பார்கள்.

"அப்ப பிரச்சினை இல்லை!"

"நீங்கள் வேலை செய்தால்தான் அண்ணை. பென்சனுக்குப் பெரிசா வரி வராது. வரி இல்லாட்டி எதில கழிக்கிறது?"

எனக்கு 61. ஜூலையில் வேலையை விட்டு நிற்பதாக இருந்தேன். 61 + 7 = 68. திரும்பவும் கூட்டினேன். 68.

வசந்திக்கு இன்னும் சொல்லவில்லை. அவளுடைய தம்பி. ஓய்வுப் படிவம் பிரிட்ஜ் மேல், பீட்சா விளம்பரத்துக்குக் கீழே.

ஏப்ரல் 19, சனி
தயா வந்தான், கேக்கோடு. புது வரித் தொகையைச் சொன்னேன். கர்க்லாண்டில் புது வீட்டுக்குக் காசு கட்டியாயிற்று, கையில் அவ்வளவு இல்லை என்றான். மிச்சத்தையும் சொன்னேன். ஏழு வருடக் கதையையும். வசந்தி தேத்தண்ணியோடு பின்னால் நின்றது தெரியாது.

தயா போனில் கணக்குப் பார்த்தான்.

"யோசிக்காதேங்கோ அத்தான். எங்கையெண்டாலும் கடன் மாறி நானே முழுக்கக் கட்டுறன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வருசா வருசம் உங்கட வரியில கழிக்கிறதை எனக்குத் தந்தால் சரி. ஏழு வருசம்தானே, ஓடிப்போயிடும்."

ஓம் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். என் வியாதி அது.

வசந்தி தட்டை வைத்தாள். "தம்பி, அவர் உனக்குப் பேர் தந்தவர். முழங்கால் தரேல்லை."

"அக்கா, நான் அப்பிடிச் சொல்லேல்லை..."

"நீ போய்த் துடைப்பியே ஆறாம் மாடியை?"

தயா கேக்கைப் பார்த்தான். "பேந்து கதைப்பம்" என்று சப்பாத்தைப் போட்டான்.

கார் போன பிறகு வசந்தி என்னிடம்: "உங்களுக்கு வாய் இல்லையே?"

இருக்கிறது. ஓம் சொல்ல மட்டும்.

ஏப்ரல் 28, திங்கள்
ஒன்பது நாள். தயாவிடமிருந்து போன் வரவில்லை. வசந்தி அவனைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் குளியலறைக்கும் போனைக் கொண்டு போகிறாள். கறியில் இரண்டு தரம் உப்பு. சாப்பிட்டேன்.

அவன் தராவிட்டால் 68. தந்தாலும், கழிவை அவனுக்குத் திருப்பிக் கொடுக்க 68. இதில் யார் யாருக்குக் கடன் என்று எனக்கு விளங்கவில்லை. அரசாங்கத்துக்கு மட்டும் தெளிவாக இருக்கிறது.

ஏப்ரல் 30, புதன்
வரி கட்டக் கடைசி நாள். காலையில் வங்கியில் புது வரிக்கான தயாவின் காசு. முழுவதும். கூடவே குரல் செய்தி:

"அத்தான், அந்தக் கழிவு திரும்பி வந்தால் உங்கட. வராட்டி விடுங்கோ. ஜூலையில நில்லுங்கோ. அக்காட்டைச் சொல்லுங்கோ எனக்குக் கோவமில்லையெண்டு."

வசந்தி இரண்டு தரம் கேட்டாள். "அவனுக்கு என்ன கோவம்? கோவம் எனக்கெல்லோ." பிறகு அவனுக்கென்று மீன் பொரித்துப் பெட்டியில் போட்டாள்.

ராஜன் எல்லாம் அனுப்பிவிட்டார். ஒட்டாவாவுக்கு ஒன்று, கியூபெக்குக்கு ஒன்று. ஒரு வருடம் பணக்காரனாக இருந்திருக்கிறேன். கவனிக்கவே இல்லை.

வாசல் குழிக்கு இரண்டாவது கூம்பு வந்திருக்கிறது.

ஓய்வுப் படிவத்தைப் பீட்சாவுக்குக் கீழிருந்து எடுத்தேன். எட்டுப் பக்கம், முழுக்கப் பிரெஞ்சு. இந்த முறை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். பாதி விளங்கவில்லை.