உன் அட்டையும் என் அட்டையும்

அக்கா,

இன்று காலை உறையை அழுத்தி மாத்திரையை வெளியே எடுத்தேன். டப்பென்று ஒரு சத்தம் வருமே, அது கேட்டதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. செத்தவளை நினைத்தால் அழுகை வரும் என்பார்கள். எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு முப்பது வருஷம் எதிரும் புதிருமாகக் குடியிருந்த ஓரகத்திகள் நாம். நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது, எனக்கு இன்னும் அது அடங்கவில்லை.

எதில்தான் நீ என்னை முந்தவில்லை, சொல்லு. நீ மூத்த மருமகள், நான் இளையவள். மலையடிவாரத்தில் உனக்குத் தாய்வீடு இருந்தது. ஆடிக்குப் போனால் கல்வராயன் மலைத் தேனும் சாமையும் புளியுமாக மூட்டையோடு வந்து இறங்குவாய். எனக்குத் தாயும் இல்லை, போக ஒரு வீடும் இல்லை. வாசலில் நின்று நீ இறக்குவதைப் பார்ப்பேன். உன் கருவாட்டுக் குழம்பை என் புருஷனே சப்புக்கொட்டிச் சாப்பிடுவார். வீட்டுக்கு வந்து என் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

கடைசியில் பிரஷரிலும் முந்தினாய். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று நைனார்பாளையம் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமுக்குப் போனோம். கண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கையில் பட்டையைச் சுற்றினார்கள். எனக்கு நூற்றி அறுபத்தெட்டு. உனக்கு நூற்றி எண்பத்திரண்டு. வெளியே வந்ததும், "எனக்கு உன்னவிட ஜாஸ்திடி" என்றாய், என்னவோ பரிசு விழுந்தவள் மாதிரி. உன் வீட்டுக்காரர், எங்க மூத்தார், பதறிப்போய் அன்றைக்கே உன்னை வாடகைக் காரில் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனார். நான் மறுநாள் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

காரில் போனவளுக்கும் பஸ்ஸில் போனவளுக்கும் டாக்டர் சொன்னது ஒன்றுதான். "தலவலி இல்ல, மயக்கம் இல்லன்னு வுட்டுடாதீங்கம்மா. இது சத்தமில்லாம வேல செய்யும். தெனமும் மாத்திர போடணும். எதாவது தொந்தரவுன்னா வந்து சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. உப்ப கம்மி பண்ணுங்க."

அதன்பிறகு மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நர்சம்மா நம் தெருவுக்கே மாத்திரை கொண்டுவந்தார். உன் வீட்டு வாசலில்தான் நாற்காலி போட்டு உட்காருவார். அதுவும் உனக்குத்தான். ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுத்து, மாதாமாதம் பிரஷர் எண்ணை அதில் எழுதுவார். என் அட்டையில் நூற்றி ஐம்பது, நூற்றி நாற்பத்தெட்டு என்று நொண்டிக்கொண்டு கிடந்தது. உன் அட்டையில் நூற்றி முப்பத்தெட்டு, முப்பத்திநாலு, முப்பது. நர்சம்மா உன் அட்டையைத் தூக்கித் தெருவுக்கே காட்டினார்.

"இந்தம்மாவப் பாருங்க. இப்பிடி இருக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க இன்னாம்மா, ஊறுகா துன்றீங்களா?"

தின்றேன்தான். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அன்றைக்கே வீட்டுக்குப் போய், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த மாங்காய் ஊறுகாயை எடுத்துக் குப்பையில் கொட்டினேன். உடம்பு நன்றாக இருக்கவேண்டும் என்றா? உன்னை ஜெயிக்கவேண்டும் என்றுதான். விடிந்தும் விடியாமலும் மரவள்ளி பிடுங்கப் போகிற நாளிலும் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். வரப்பில் உட்கார்ந்து கூழைக் குடித்துவிட்டு அதைப் போட்டுக்கொள்வேன். ஒருநாள் தப்பவில்லை. அப்படியும் உன் எண்ணை எட்டிப்பிடிக்க முடியவில்லை.

கடுகு கேட்டு உன் வீட்டுக்கு வந்த நாளைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. நீ குளித்துக்கொண்டிருந்தாய். "அலமாரில இருக்கு, நீயே எடுத்துக்கோடி" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாய். கடுகு டப்பாவுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. திறந்து பார்த்தேன். உள்ளே முழுக்க மாத்திரை அட்டைகள். பிரிக்காதவை. ஒவ்வொரு மாதமும் நர்சம்மா கொடுத்ததில் முக்கால்வாசி அப்படியே கிடந்தது.

அடிப்பாவி, இப்படியா பேர் வாங்கினாய்!

அக்கா, உனக்கு என்ன ஆகுமோ என்ற பயம் எனக்கு வரவில்லை. சந்தோஷம் வந்தது. டின்னை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கடுகோடு வீட்டுக்கு வந்தேன். முதல் செவ்வாய்க்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நர்சம்மா உன் அட்டையைத் தூக்கிக் காட்டும்போது, "அந்த அலமாரியக் கொஞ்சம் தொறந்து பாருங்கம்மா" என்று தெருவே கேட்கச் சொல்லவேண்டும் என்று முடிவு பண்ணினேன். பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

நடுவில் ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் நீயே கேட்டாய், "இன்னாடி, மூஞ்சில ஒரே சிரிப்பா கீது?"

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

ஆறாம் நாள் காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்த உன் கையிலிருந்து வாளி விழுந்தது. நான்தான் முதலில் ஓடிவந்தேன். உன் வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. என்னவோ சொல்லவந்தாய், எனக்குப் புரியவில்லை. கள்ளக்குறிச்சியில் இரண்டு நாள் கிடந்தாய். செவ்வாய்க்கிழமை வந்தபோது உன் வாசலில் நாற்காலி இல்லை, பந்தல் இருந்தது.

காரியம் முடிந்த பிறகு உன் மகள் அந்த டின்னை எடுத்துவந்து என் முன்னால் வைத்து அழுதாள். "மாத்திர துன்னா காலு வீங்குதாம் சின்னம்மா. மெட்டி இறுக்குதாம். கழட்டி வையேம்மான்னேன். புருஷன் கல்லாட்டம் இருக்கும்போது மெட்டிய கழட்டிட்டான்னு ஊரு பேசும்னு சொல்லிட்டு மாத்திரயவே நிறுத்திடுச்சி. நர்சம்மா வர்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் மட்டும் துன்னும். ஏம்மா இப்பிடி பண்றன்னு கேட்டா, 'உங்க சின்னம்மா ஊறுகாயகூட வுட்டுட்டாடி. அவ என்ன முந்திக்கினா எனக்கு இன்னா மரியாத'ன்னுச்சி."

நீயுமா அக்கா? முப்பது வருஷமாக நான் மட்டும்தான் வெந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். என்னிடம் பொறாமைப்பட என்ன இருந்தது உனக்கு?

டின்னை நானே நர்சம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "காலு வீங்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா டாக்டரு வேற மாத்திர மாத்திக் குடுத்திருப்பாரேம்மா." ஒரு வார்த்தைதான். அதை நீ சொல்லவில்லை. எனக்கும் ஐந்து நாள் கிடைத்தது, நானும் சொல்லவில்லை. நான் டின்னைப் பார்த்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் மகளிடம்கூட.

போன செவ்வாய் நர்சம்மா வந்தார். இப்போது என் வாசலில்தான் நாற்காலி. பட்டையைச் சுற்றி, காற்றை இறக்கி, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். நூற்றி இருபத்தாறு. என் அட்டையைத் தூக்கிப் பிடித்து, "இந்தம்மாவப் பாருங்க" என்றார். தெருவே பார்த்தது.

நான் அட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று உன் வீட்டுக்கு நடந்தேன். படியேறிக் கதவைத் தட்டக் கையைத் தூக்கியபோதுதான் பூட்டு கண்ணில் பட்டது. மூத்தார் வேலைக்குப் போயிருந்தார்.

உன் அட்டை என்னிடம்தான் இருக்கிறது. உன் மகளிடம் கேட்டு வாங்கி என் மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறேன். அதில் கடைசி எண் நூற்றி முப்பது. உன்னைவிட நாலு கம்மி, அக்கா. ஒரு தடவை வந்து பார்த்து வயிறெரிந்துவிட்டுப் போயேன்.