மரகதம் இப்போது யாரையும் ஆசீர்வதிப்பதில்லை

என் பிரியத்துக்குரிய மாப்ளே காதருக்கு,

நீ பக்கத்தில் இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை, மலையடிவாரத்தில் மீட்ட யானைகளை வைத்திருக்கும் காப்பகத்தில், வேலிக்கு இந்தப் பக்கம், கையில் காசோடு தலையைக் குனிந்து நின்றேன். நீ வளர்த்த மரகதம் தும்பிக்கையைத் தூக்கி என் தலையில் வைப்பாள் என்று! கண்ணை வேறு மூடிக்கொண்டேன்.

"யப்பா, நிமிருங்க. எல்லாரும் பாக்காக" என்று மகள் செல்வி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அங்கே வேலை பார்க்கும் பெண் சிரிக்காமல் சொன்னாள்: "ஐயா, இவ இங்க யாரையும் ஆசீர்வாதம் பண்ண வேண்டியதில்ல. காசை உள்ள வைங்க. நாங்களே தேவையில்லாம தொடுறதில்ல."

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பட்டாசு லேபிள் வெட்டும் மிஷினைத் தெரியும், யானையிடம் நடந்துகொள்ளும் முறை எங்கே தெரியும்? ஆனால் வெட்கம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. காசைப் பார்த்ததும் மரகதத்தின் தும்பிக்கை தானாகப் பாதி உயர்ந்து நின்றதே, மாப்ளே! யாரும் கேட்காமலே. முன்னங்காலில் சங்கிலி அறுத்த தழும்பு வெளுத்து வளையமாகக் கிடந்தது. அதற்கு மேலே பொட்டுப் பொட்டாக வெடி சுட்ட வடு.

காசைச் சட்டைப்பைக்குள் திணித்தேன்.

நீ அவளை நடத்தி வந்த அந்தக் கடைத் திறப்பு விழா நினைவுக்கு வந்தது. தீபாவளி சீசன், நீ நோன்பு வேறு வைத்திருந்தாய். யானையின் காலடியிலேயே சரவெடியை விரித்துக் கொளுத்தப் போனார்கள். நீ கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றாய். யானையின் முதலாளி சிரித்தார்: "ஏலே, நம்ம ஊரு யானைக்கு வெடிச் சத்தம் தாலாட்டுலே!" வெடி ஊரில் பிறந்தவர்களுக்கு மட்டும் வரும் புத்தி இது. நம் காது மரத்துப்போனால் எல்லா உயிருக்கும் மரத்திருக்கும் என்ற நினைப்பு. அவள் மிரண்டு திரும்பினாள். அவளுக்கும் பக்கத்தில் நின்ற லாரிக்கும் நடுவில் அகப்பட்டு நீ செத்துப்போனாய்.

இப்போதைய சேதி என்ன தெரியுமா? யானையைத் திருப்பிக் கொடுங்கள் என்று முதலாளி மனுப் போட்டிருக்கிறார். வரும் திங்கட்கிழமை சூலக்கரை கலெக்டர் ஆபீசில் விசாரணை. நேரில் பார்த்தவன் என்று என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்காக அவருடைய மேனேஜர் டீக்கடையில் வந்து என்னைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, பாகன் தண்ணியில இருந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. வெடி மேல தப்பில்லன்னு ஆயிரும், யானையும் ஊருக்கு வந்துரும். செத்தவனுக்கு இனிமே என்னத்த கெடப் போகுது?"

"நோன்புக்காரன்யா அவன்! எச்சிலக்கூட முழுங்காம நின்னான்!"

"அது ஆபீசருக்குத் தெரியவா போகுது?"

கோபம் வந்தால் எனக்கு நாக்கு திக்கும், உனக்குத் தெரியாததா? "வெ... வெ..." என்று வெளியே போகச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் அவன் வடையைத் தின்றுவிட்டு, என் கணக்கிலேயே எழுதச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

தொண்டை காய்ந்து செத்தவனைக் குடிகாரன் என்கிறார்கள். உன் மனைவி மைமூன் கடைத்தெருவுக்குப் போனால் காதுபடப் பேசுகிறார்கள். யார் கொடுத்தது இவர்களுக்கு இந்தத் துணிச்சல்? நம்மைப் போன்றவர்களின் வாய் திறக்காது என்கிற நம்பிக்கைதானே?

திறக்கும், மாப்ளே. திங்கட்கிழமை திறக்கும். நீ நோன்பு வைத்திருந்ததையும், கும்பிட்டதையும், அதற்குப் பிறகும் அவர்கள் திரி கிள்ளிப் பற்றவைத்ததையும் சொல்வேன். திக்கித் திக்கியாவது சொல்லி முடிப்பேன். ஆபீசர் சாப்பாட்டு நேரம் தாண்டிக் காத்திருக்கட்டும்.

கிளம்பும்போது மரகதம் சேற்றை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க கூப்பிட்டா வருமாப்பா?" என்று செல்வி கேட்டாள். உன் குரலில் கூப்பிட எனக்கு வரும். கூப்பிட்டிருந்தால் சேற்றை விட்டுவிட்டு, நீ வந்துவிட்டாய் என்று வேலிக்கு ஓடி வந்திருப்பாள்.

"தெரியலையேம்மா" என்றேன்.

"யே மரகதம், வாடி என் ராசாத்தி." நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

உன் மாமன்,
சண்முகவேல்