நெற்றிப்பொட்டில் எழுந்த அலை

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று ஒருவர் மூளை அலையை அளக்கும் தொப்பியோடு நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். வாஷிங் மெஷின் கையேட்டை வாசிக்கக் கேட்டால் யாருக்குத்தான் தூக்கம் வராது? ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அதுவும் வேண்டும். பாதிப் பேருக்குக் கதை, பாதிப் பேருக்குக் கையேடு. முடிந்ததும் கையில் ஒரு சிறு தொகையைக் கொடுத்து, "பக்கத்து அறையில் முகம் தெரியாத ஒருவர் இருக்கிறார், விரும்பினால் அவருக்கும் பங்கு கொடுக்கலாம்" என்கிறோம். கையேடு கேட்டவர்கள் கிள்ளிக் கொடுக்கிறார்கள். கதை கேட்டவர்கள் அள்ளிக் கொடுக்கிறார்கள். அள்ளிக் கொடுப்பவர்களுக்குக் கதை ஓடும்போதே, காதுக்குச் சற்று மேலே, ஒரு வேகமான அலை எழுகிறது. கொடுக்கும் மனசு மூளையில் பிறக்கும் இடம் அதுதான் என்பது எங்கள் வாதம். மூன்று வருட உழைப்பு.

நாங்கள் நால்வர். திட்டத்தின் தலைவர் பொருளாதாரப் பேராசிரியர். எல்லாவற்றையும் வரவு செலவாகவே பார்ப்பதால் அவருக்குப் பெயர் கணக்குப்பிள்ளை. அது அவருக்கும் தெரியும். தொப்பியைச் செய்த இன்ஜினியர் திருப்புளி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கும். கதையை எழுதிய இலக்கியப் பேராசிரியை கதை அக்கா. மூளை என் பங்கு. முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயரோ, கேட்கப் பயம்.

பிப்ரவரி 6

தங்கை போன் செய்தாள். "அம்மா அலமாரிய எப்பக்கா ஒதுக்கறது? நீ இல்லாம நான் தொட மாட்டேன்."

அடுத்த வாரம் என்றேன். போன மாதமும் அதைத்தான் சொன்னேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

கட்டுரையை இதழ் ஏற்றுக்கொண்டது!

கணக்குப்பிள்ளை தன் கையாலேயே எல்லோருக்கும் காப்பி போட்டார். வாயில் வைக்க முடியவில்லை; குடித்தோம். "இனிமே நிதிக்குழு நம்மளத் தேடி வரும்" என்றார். திருப்புளி நடைபாதைக்குப் போய் மனைவியிடம் பேசினார். அவருடைய ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. திட்டம் நீண்டால் வேலை நிரந்தரம். கதவுக்கு இந்தப் பக்கமே அவர் சிரிப்பு கேட்டது.

கதை அக்கா மட்டும், "மனுஷன் ஏன் குடுக்கறான்னு ஒரே அலையில சொல்லிட்டீங்களே, நாங்கல்லாம் இனிமே கடைய மூடிடலாமா?" என்றார். கேலிதான். ஆனால் முகத்தில் கொஞ்சம் வருத்தமும் ஒட்டியிருந்தது.

கடைவாய் வலி தாங்கவில்லை. காப்பி பட்டதும் உயிர் போய் வந்தது.

பிப்ரவரி 23

பல் டாக்டர் பார்த்தார். "சொத்தை இல்லம்மா. தேஞ்சு போயிருக்கு. ரொம்ப நாளா பல்ல அழுத்திக்கிட்டே இருக்கீங்க."

தூக்கத்திலா என்று கேட்டேன்.

"இதோ, இப்பவும்தான்."

என் விரலை எடுத்து என் நெற்றிப்பொட்டிலேயே வைத்தார். "அழுத்துங்க. விடுங்க. தெரியுதா? தாடைய இழுக்கற தசை விசிறி மாதிரி மேல வரைக்கும் போகுது." விரலுக்கு அடியில் ஏதோ எழுந்து அடங்கியது. வீட்டில் கவலை ஏதாவது உண்டா என்றார். அம்மா தவறி ஏழு மாதம் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு உறை செய்து தருகிறாராம்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது கை தானாக மறுபடி அங்கே போயிற்று. நெற்றிப்பொட்டு. அங்கிருந்து மேலே, காதுக்கு மேல் வரை.

அது எங்கள் அலை எழும் இடம்.

பிப்ரவரி 24

இருக்காது.

தசையின் மின்சாரம் மூளை அலையோடு கலந்துவிடும் என்பது முதல் வருடப் பாடம். அதை நடத்துகிறவளே நான். அதற்காகத்தானே கணினியில் ஒரு வடிகட்டியை வைத்தோம்? ஆட்களை வாயில் எதையாவது போட்டு மெல்லச் சொன்னோம், பேசச் சொன்னோம், கண்ணைச் சிமிட்டச் சொன்னோம். வந்த குப்பையை எல்லாம் அடையாளம் கண்டு நீக்கினோம்.

வாயை மூடிக்கொண்டு பல்லை மெதுவாக அழுத்தச் சொன்னோமா?

சொல்லவில்லை. சும்மா இருப்பவர் சும்மாதான் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டோம்.

பிப்ரவரி 26, வியாழன்

திருப்புளியிடம் எனக்குத் தொப்பியை மாட்டச் சொன்னேன். கதை இல்லை, கையேடு இல்லை. சுவரைப் பார்த்தபடி பல்லை லேசாக அழுத்தினேன். அதே அலை. அதே இடம், அதே வேகம். வடிகட்டியைத் தாண்டி ஜம்மென்று வந்து நிற்கிறது.

அவர் இணைப்புகளைச் சரிபார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு தானே மாட்டிக்கொண்டு, என்னைத் திரையில் பார்க்கச் சொன்னார். அவருக்கும் வந்தது. "நான் கதையே கேக்கலையே மேடம்" என்றார். பையிலிருந்து திருப்புளியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். திருக எதுவும் இல்லை.

"சார்கிட்ட சொல்லணுமா?"

அவர் கழற்றிய தொப்பியை வாங்கி மேஜையில் வைத்தேன். அவருக்கு இரண்டு வயதில் குழந்தை இருக்கிறது.

பிப்ரவரி 27

சொல்லாவிட்டால் என்ன? இதழின் மதிப்பீட்டாளர்கள் மூவர் பார்த்தார்களே, அவர்கள் கண்ணிலும் படவில்லையே. யார் குடி முழுகிவிடும்? — எங்கோ ஒரு மாணவி இந்த அலையை நம்பி வருடக்கணக்கில் உழைப்பாள். அவள் குடி முழுகும். சீ, இதையெல்லாம் யோசிக்கிற நிலைக்கு வந்துவிட்டேனே.

கதை கேட்டவர்களின் முகங்களை வீடியோவில் பதிவு செய்து வைத்திருக்கிறோம். இன்று உட்கார்ந்து பார்த்தேன். கதை இதுதான்: ஒருவனுக்குத் தினமும் சாயங்காலம் தவறான எண்ணில் ஒரு வயதான அம்மாள் போன் செய்கிறாள், தன் மகன் என்று நினைத்து. சாப்பிட்டியா என்கிறாள். முதலில் எரிந்து விழுகிறவன் பிறகு ஆமாம்மா, சாப்பிட்டேன் என்று சொல்லப் பழகுகிறான். ஒரு நாள் போன் வரவில்லை. அந்த இடத்தில் ஒரு லாரி டிரைவர், ஆறடி ஆள், கூரையை வெறிக்கிறார். தாடை இறுகுகிறது. அடுத்தவருக்கும் அப்படியே. அதற்கடுத்த பெண்ணுக்கும்.

அழுகையை அடக்குகிறார்கள். நாங்கள் அளந்தது அதை. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம் அது. ஏழு மாதமாகத் தலை வாரும்போது கண்ணாடியில் பார்ப்பதுதான்.

மார்ச் 2, திங்கள்

சொல்லிவிட்டேன்.

கணக்குப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏத்துக்கிட்ட கட்டுரைம்மா. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கணுமா?" என்றார். கையேடு கேட்டவர்களுக்கு ஏன் அலை வரவில்லை என்று மடக்கினார்.

"வாஷிங் மெஷினுக்காக யார் சார் அழுகைய அடக்குவாங்க?" என்றேன்.

கதை அக்கா பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். கணக்குப்பிள்ளை சிரிக்கவில்லை. இன்னும் ஆறு மாதம் ஆராய்ந்து பிறகு முடிவெடுக்கலாம், அதற்குள் கட்டுரை வெளிவந்தால் வரட்டும் என்றார். "அப்ப என் பேர எடுத்துடுங்க!" என்று நான் கத்தினேன். நான்தான் கத்தினேனா? அவர் எழுந்து போய்விட்டார். போகும்போது கதவைச் சாத்தக்கூட இல்லை.

அப்போதும் எனக்குக் கண் கலங்கவில்லை. என்ன ஜென்மம் நான்?

மார்ச் 3

ஆய்வகத்தில் அவரவர் அறையிலேயே சாப்பிட்டோம்.

மார்ச் 5

கணக்குப்பிள்ளை என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நேற்று திருப்புளியைக் கூப்பிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு பல்லை அழுத்திப் பார்த்தாராம்.

"எனக்கும் வருது" என்றார். "கட்டுரையத் திரும்ப வாங்கிக்கறோம்னு நானே எழுதறேன். தலைவன்னு இத்தன நாள் மாலை வாங்கினவன் நான்தானே. நிதி வராது, தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

"திருப்புளிகிட்ட நீங்க சொல்லுங்கம்மா. என்னால முடியாது."

எனக்கு அவர்மேல் அவ்வளவு மரியாதை என்றைக்கும் வந்ததில்லை. அதைச் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 6

திருப்புளியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். "சார் தலையில மாட்டிவிட்டதே நான்தானே மேடம், அப்பவே தெரியும்" என்றார். வேறு இடங்களில் கேட்டு வைத்திருக்கிறாராம், இன்னும் எதுவும் அமையவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "நீங்க எதுக்கு மேடம்? ஆளுங்கள மெல்லச் சொல்லி, பேசச் சொல்லிச் சோதிச்சது நான். பல்ல அழுத்தச் சொல்ல எனக்கும்தான் தோணல" என்றார்.

கதை அக்கா வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்: "அழுகைய அடக்கினவங்கதானே அள்ளிக் குடுத்தாங்க? அது மூளையில இல்ல, தாடையில இருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே. அது பொய் ஆயிடுமா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வருட முடிவுவரை அறையும் வயரும் இருக்கின்றன. இந்த முறை தசையைத் தசை என்று சொல்லியே அளக்கலாம்.

கணக்குப்பிள்ளையிடம் கேட்டோம். செலவு என்ன என்றார். ஒன்றுமில்லை என்றதும் சம்மதித்தார்.

மார்ச் 13, வெள்ளி

புதிய இணைப்புகளைச் சோதிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் உட்கார்ந்தேன். தாடையிலும் நெற்றிப்பொட்டிலும் மட்டும் வயர்கள். பதிவு செய்த குரல் வேண்டாம் என்று கதை அக்கா எதிரில் உட்கார்ந்து தானே வாசித்தார்.

அப்போதுதான் உறைத்தது. இத்தனை பேருக்குப் போட்டுக் காட்டிய இந்தக் கதையை நான் முழுதாகக் கேட்டதே இல்லை. எப்போதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், திரையைப் பார்த்தபடியே இருந்திருக்கிறேன்.

சாப்பிட்டியா என்கிற இடம் வந்தது. பல் அழுந்துவது எனக்கே தெரிந்தது. போன் வராத நாள் வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து திருப்புளியின் குரல்: "மேடம், இவ்வளவு நேரம் சிக்னல் பிரமாதமா வந்துச்சு. இப்பத் திடீர்னு ஒண்ணுமே இல்ல. வயர் ஏதாவது கழண்டுடுச்சா?"

கதை அக்கா என்னைப் பார்த்தார். தாள்களை மடியில் கவிழ்த்துவிட்டுத் தன் கைக்குட்டையை என்னிடம் நீட்டினார்.

"எதுவும் கழலல. கொஞ்ச நேரம் அப்படியே விடுங்க" என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

தங்கை வீட்டுக்குப் போனேன். அம்மாவின் அலமாரியைத் திறந்தோம். மேல்தட்டை ஒதுக்கவே சாயங்காலம் ஆகிவிட்டது. மீதி அடுத்த ஞாயிறு.