பக்கத்தில் நிற்பவர்

பேர்கன், நோர்வே
மே 4

அன்புள்ள பத்மாசினிக்கு,

பிரதீபா எழுதிக்கொள்வது. உன் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வல்லிபுர ஆழ்வாரை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். உன் போனை உன் மகள் பார்ப்பாள். அவளும் சிவகரனின் மகளும் ஒரே வகுப்பு. அதனால்தான் லீவில் ஊருக்கு வருகிற றொசாந்தி அக்காவின் கையில் இதை ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

கரவெட்டியில் எங்கள் வீட்டில் ஏதோ நடக்கிறது. ஞாயிறு தோறும் வீடியோவில் அம்மாவுடன் கதைக்கிறேன். என்ன கேட்டாலும் அவ உடனே பதில் சொல்லுவதில்லை. ஒரு பக்கமாகப் பார்க்கிறா, பிறகுதான் சொல்லுகிறா. மத்தியானம் என்ன கறி என்று கேட்டதற்கும் அப்படித்தான். போன கிழமை ஓர் ஆணின் குசுகுசுப்பு எனக்கே கேட்டது. "பக்கத்திலை ஆர் அம்மா நிக்கினம்?" என்று கேட்டேன். படம் ஆடியது, போன் நின்றுவிட்டது.

அப்பா படத்தில் வருவதே இல்லை. தோட்டத்தில் நிற்கிறார், குளிக்கிறார், கோயிலுக்குப் போய்விட்டார். இந்த வயதில் அப்படி என்ன ஓட்டம்? தனியே எடுத்தால் "எல்லாம் நல்லம் பிள்ளை" என்று வைத்துவிடுகிறார். குரலும் மெலிந்துவிட்டது. அவர் படுக்கையில் விழுந்துவிட்டாரோ, அதைத்தான் மறைக்கிறார்களோ? இங்கே முதியோர் இல்லத்தில் யாருடைய தாய் தகப்பனுக்கோ சாப்பாடு தீத்திக்கொண்டு நின்று இதையே நினைக்கிறேன்.

எனக்குச் சந்தேகம் சிவகரனில்தான். மாமாவின் மகன், பக்கத்து வளவு. முன்பு ஆஸ்பத்திரி, சந்தை என்று எதற்கும் அம்மாவையும் அப்பாவையும் தன் ஓட்டோவில் ஏற்றிப் போனவன். தை மாதம், எங்கள் பின்வளவை விற்கிற எண்ணம் இருக்கோ என்று அப்பாவைக் கேட்டிருக்கிறான். அன்றைக்கே அவனுக்குப் போனெடுத்து, இனி எங்கள் படலைக்குள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் பேசாமல் வைத்தான். அந்தப் பேசாமைதான் எனக்குப் பயம். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறவன் அவன் இல்லாமல் வேறு யார்?

நீ ஒருக்கால் போய்ப் பார். சொல்லாமல் போ. ஞாயிறு நான் எடுக்கிற நேரமாகப் பார்த்துப் போ. கண்டதை அப்படியே எழுது.

உன்னையே நம்பியிருக்கும்,
பிரதீபா

பருத்தித்துறை
மே 19

என் பிரதீபா,

ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது உண்மைதான். இருந்து ஆறுதலாக வாசி.

படலையில் உள்பக்கம் ஆமைப்பூட்டுப் போட்டிருந்தது. கூப்பிடக் கூப்பிட ஒருவரும் வரவில்லை. கடைசியில் திறந்தது உன் அப்பா. நடக்கிறார், படுக்கையில் இல்லை. ஆனால் பாதி ஆளாகிவிட்டார். என்னைக் கண்டதும் முகம் கறுத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உன் போன் வந்துவிட்டது.

நீ கதைத்தபோது நான் உன் அம்மாவின் அறை வாசலில் நின்றேன். உன் அம்மா கதிரையில் இருந்தா. தலையிழுத்துப் பொட்டு வைத்துவிட்டது உன் அப்பாவாகத்தான் இருக்கவேண்டும், பொட்டுச் சரிந்திருந்தது. போனை மேசையில் நிறுத்திவிட்டு அவர் படத்தில் விழாமல் மேசைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினார். "எங்கடை பிரதீபா. சுகமோ எண்டு கேள்" என்றார் மெதுவாக. நீ கறி என்ன என்று கேட்டாய். "கத்தரிக்காய் எண்டு சொல்லு." அவ அப்படியே சொன்னா.

நீ வைத்த பிறகு உன் அம்மா கேட்டது இது: "ஆரது? நல்ல பிள்ளை. கிழமைக்குக் கிழமை சுகம் கேக்குது."

அவர் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். உடனே அவ என் கையை இறுக்கிப் பிடித்தா. "பிள்ளை, உந்த மனிசனிலை எனக்கு நம்பிக்கையில்லை. என்ரை அலுமாரிப் பூட்டுத் திறப்பை எடுத்து ஒளிச்சுப்போட்டுது. நான் படுத்தால் கட்டிலடியிலை வந்து நிண்டு பாக்குது. என்ரை மகளுக்கு ஒருக்கால் அறிவிச்சு விடன்."

குசினி எவ்வளவு தூரம்? அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். தேத்தண்ணியைக் கொண்டுவந்து, ஆற்றி, முதலில் அவவின் கையில்தான் கொடுத்தார்.

நான் வெளிக்கிட, படலையடியில் வைத்துத்தான் அவர் கதைத்தார். மறதி போன வருசமே தொடங்கிவிட்டதாம். மாசியில் ஒரு மத்தியானம், தாய் வீட்டுக்குப் போகிறேன் என்று வெளிக்கிட்டு நெல்லியடிச் சந்திவரை போய்விட்டா. கண்டு ஏற்றிவந்தவன் சிவகரன். படலையில் இறக்கிவிட்டு, "பிரதீபா மச்சாள் வரவேண்டாமெண்டவ" என்று அப்படியே திரும்பிப் போய்விட்டானாம். காணிக் கதை, உன் அப்பா விற்கிற எண்ணமில்லை என்று சொன்ன அன்றே முடிந்துவிட்டது. பிறகு அவன் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை என்கிறார். அவ சந்திவரை போன நாளிலிருந்துதான் படலைக்குப் பூட்டு. இப்போது சமையல், உடுப்பு, குளிக்கவார்ப்பு எல்லாம் அவர் தனியே.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். "பிள்ளை வேலை செய்யிற இடத்திலை மறதி வந்த ஆக்களைக் கதவு பூட்டித்தான் வைச்சிருக்கினமாம். அவளே சொன்னவள். இவளையும் அப்பிடி எங்கையும் கொண்டுபோய் விட்டிட்டாளெண்டால்..." பூட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

உனக்குச் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினார். நான் தலையாட்டவில்லை. ஆனால் நீ போனெடுத்துப் பதறிக் கேட்டுவிடாதே, அவர் உடைந்துபோவார். முதலில் அவருக்கு ஒரு கடிதம் எழுது. அதைப் படம் எடுத்து என் போனுக்கு அனுப்பு, இனி மகள் பார்த்தாலும் பயமில்லை, அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

உன்,
பத்மாசினி

பேர்கன்
ஜூன் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் பிரதீபா வணங்கி எழுதுவது. பத்மாசினியைக் கோபிக்கவேண்டாம், அவளை அனுப்பியது நான்.

அம்மாவை ஒருவரும் எங்கும் கொண்டுபோய் விடமாட்டார்கள். இது என் பிள்ளைகள்மேல் சத்தியம். ஆடியில் லீவு கேட்டிருக்கிறேன், வருகிறேன். யாழ்ப்பாணத்தில் நல்ல டொக்டரிடம் இரண்டு பேரையும் காட்டுவோம்.

அதுவரைக்கும் ஒன்று சொல்லுகிறேன். அம்மா திறப்பைக் காணவில்லை என்றால், நான் எடுக்கவில்லை என்று வாதாடவேண்டாம். கூடச் சேர்ந்து தேடுங்கள். தேடத் தேட அவவின் கோபம் ஆறும். இங்கே தினமும் நான் செய்கிற வேலை இது. என் அம்மாவில் மட்டும் எனக்கு அது தெரியாமல் போய்விட்டது.

நேற்றுச் சிவகரனுடன் கதைத்தேன். நான் அழுது முடிக்குமட்டும் போனை வைக்காமல் நின்றான். பிறகு "மாமிக்கு இப்ப என்ன வேணும் மச்சாள்?" என்று மட்டும் கேட்டான். நாளைக்கு வருவான். படலையைத் திறந்துவிடுங்கள். அவன் நிற்கிற நேரம் நீங்கள் கொஞ்சம் கண்ணயருங்கள்.

ஞாயிறு இனி நிலத்தில் குந்தவேண்டாம். அம்மாவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருங்கள், உங்கள் முகத்தையும் நான் பார்க்கவேண்டும். அவ என்னை யாரென்று கேட்டால் கேட்கட்டும், நான் தாங்குவேன்.

அவ உங்களை யாரென்று கேட்கிற நேரத்தைத்தான் என்னால் நினைக்க முடியவில்லை. அப்படிக் கேட்டால், இங்கே என்ன நேரமென்று பார்க்காமல் எனக்கு எடுத்து, போனை அவவின் கையில் கொடுங்கள், அப்பா. நீங்கள் யாரென்று நான் அவவுக்குச் சொல்லுகிறேன்.

உங்கள் மகள்,
பிரதீபா