பெட்டியின் எடை

உனக்கு இருந்தது பயமா, பிடிவாதமா? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. தெரிந்ததுபோல எழுதப் போவதுமில்லை.

இன்று மாலை உன் வீட்டுக்காரர் வந்துபோனார். ஒவ்வோர் அறுப்புக்கும் நீ கொடுத்தனுப்புவாயே, அதே பச்சை பிளாஸ்டிக் பெட்டி. மேலே செய்தித்தாள், அடியில் பன்னீர் திராட்சை. நீ போன பிறகும் பெட்டி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. கூடத்தில் இறக்கி வைத்ததும் வீடெல்லாம் அந்த வாசனை பரவியது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

அவர் உட்காரவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஏதோ உரம் வாங்கியதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அவ போறதுக்கு ஒரு மாசம் முந்தியே மதுரையில டாக்டர் உடனே சேரச் சொன்னாக ஆத்தா. நெஞ்சுல அடைப்பு இருக்கு, தள்ளிப்போடாதன்னாக. இவதான் பரீட்சை முடியட்டும்னுட்டா. நானும் விட்டுட்டேன்."

எனக்கு அது புதிய செய்தி. மில்லில் பத்து வருஷமாக ஒரே கேண்டீன் மேசையில் சாப்பிட்டவள் நான். நீ கொள்முதல் பிரிவு, நான் தரக்கட்டுப்பாடு. காலையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாய் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். திடீரென்று நடந்தது என்றே நானும் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

வாசல் வரை போனவர் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பரீட்சை என்ன, அம்புட்டுத் தள்ளிப்போட முடியாததா?"

நான் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பரீட்சையைத் தள்ளிப்போட்டாகிவிட்டது என்று உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும் போலிருக்கிறது.

வேலையில் இருப்பவர்களுக்கான அந்த வார இறுதி மேலாண்மைப் படிப்பை நீதான் கண்டுபிடித்து வந்தாய். நம் வயதில் எதற்கு என்று கேட்டேன். "பேரப்பிள்ளை வர்றதுக்குள்ள ஒருதரம் காலேஜ் போயிட்டு வந்துர்றேன்டி. அப்புறம் எவ விடுவா?" என்றாய். நுழைவுத் தேர்வு உண்டு என்றதும் என்னையும் இழுத்துக்கொண்டாய். புள்ளியியல் படித்தவள் பக்கத்தில் இருந்தால் பாஸாகிவிடலாம் என்று உனக்கொரு நம்பிக்கை.

உன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆள் நடமாட்டம் அதிகம் என்பதால் வைகை அணைப் பூங்காவுக்குப் போவோம். மற்ற கணக்குகளில் நீ என்னைவிட வேகம். தகவல் போதுமா என்று கேட்கும் கணக்குகளில்தான் சண்டை. ஒரு கேள்வி, அதன் கீழே இரண்டு கூற்றுகள். விடையைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கண்டுபிடிக்கத் தகவல் போதுமா என்று சொன்னால் போதும். முதல் கூற்றே போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, ஒவ்வொன்றும் தனித்தனியே போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தாலும் போதாதா. கடைசியாக உள்ளதுதான் ஐந்தாவது விடை.

"விடை என்னன்னு கேக்காம, விடை கிடைக்குமான்னு மட்டும் கேக்குறவன் என்ன மனுசன்?" என்று நீ கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. விடையைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கணக்குக்குப் போவாய். நேரம் போகிறது என்று நான் கத்துவேன்.

இரண்டாவது கூற்றைப் படிக்கும்போது முதலாவதை மறந்துவிட வேண்டும் என்பது விதி. அதற்காக முதல் கூற்றை உள்ளங்கையால் மூடிக்கொள்ளச் சொன்னேன். மூடினாய். விரல் இடுக்கு வழியாக எட்டியும் பார்த்தாய்.

திராட்சைக் கணக்கு ஒன்று வந்தது, நினைவிருக்கிறதா? வியாபாரி வாங்கியது எத்தனை கிலோ என்பது கேள்வி. ஒவ்வொரு பெட்டியிலும் இருபது கிலோ பழம் என்று ஒரு கூற்று, பெட்டிகளின் எண்ணிக்கை இன்னொன்று. குழந்தைகூடப் போட்டுவிடும். நீ ஐந்தாவது விடையைக் குறித்தாய்.

"பெட்டி எடை எங்கடி குடுத்துருக்கான்?"

"பழம் இருபது கிலோன்னு தெளிவா இருக்கே."

"எங்க ஓடைப்பட்டிக்கு வந்து பாரு. இருபது கிலோ பழம்னு எவன் சொன்னாலும் பெட்டியோட சேத்துத்தான். அதைக் கழிக்காம எப்படிக் கணக்கு முடியும்?"

கணக்கில் இல்லாததைக் கொண்டுவராதே என்றேன். தோட்டத்துக்கே போகாதவன் போட்ட கணக்கு என்று எழுதியவரைத் திட்டினாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். "நீ மட்டும் என்னவாம்? மாப்பிள்ளை பாத்தப்ப எல்லாம் இதைத்தான சொன்ன, தகவல் போதல, தகவல் போதலன்னு. இப்பப் பாரு, தனியா உக்காந்து கணக்குப் போடுற." பூங்காவில் பக்கத்து பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாய். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதன் பிறகுதான் மில்லில் தணிக்கை வந்தது. எனக்கு மூச்சுவிட நேரமில்லை. நீ போவதற்குப் பத்து நாள் முன்பு, தேதியை அடுத்த மாதத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று போனில் கேட்டேன். நீ கோபப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். "சரிடி, மாத்து. ரெண்டு பேருக்கும் சேத்தே மாத்து," என்றாய். சிரித்தாய். பழைய தேதி வருவதற்கு முன்பே போய்விட்டாய்.

இன்று அவர் கிளம்பிய பிறகுதான் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். நான் கேட்ட நாளில் உனக்கு டாக்டர் சொன்னது தெரியும். பரீட்சை ஒரு மாதம் தள்ளிப்போனது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குக் குறுக்கே எதுவும் இல்லை. நீ போகவில்லை. தேதி மாறியதை வீட்டில் சொல்லவும் இல்லை.

அவர் சொன்னது முதல் கூற்று. அதை மட்டும் பார்த்தால் பிடிவாதக்காரி, படிப்பு மேல் ஆசைப்பட்டு உயிரை விட்டவள். எனக்குத் தெரிந்தது இரண்டாவது. அதை மட்டும் பார்த்தால் பயந்தவள், பரீட்சையைச் சொல்லி ஒளிந்துகொண்டவள். இரண்டையும் சேர்த்தால் உன் சிரிப்புதான் காதில் கேட்கிறது. ஐந்தாவது விடையை ஆயுள் முழுக்கக் கூச்சமில்லாமல் குறித்துவந்தவள் நான். இன்று கை வரவில்லை.

நாளை காலை மதுரையில் பரீட்சை. போவதா வேண்டாமா என்பதுகூட இப்போது பெரிதாகத் தெரியவில்லை. அவர் கேட்டதற்கு என்ன சொல்வது என்பதுதான். சொன்னால், நீ அவரிடம் மறைத்தாய் என்றாகும். சொல்லாமல் இருந்தால், அந்த மனிதர் ஒரு பரீட்சையையும், விட்டுவிட்ட தன்னையும் சாகும்வரை திட்டிக்கொண்டிருப்பார். நீ இருந்தால் எதைச் சொல்லச் சொல்வாய் என்று யோசித்தேன். அதுவும் தெரியவில்லை. உன்னை நன்றாகத் தெரியும் என்று நான் நினைத்திருந்ததுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

மறுநாள் நடந்ததை மட்டும் கீழே எழுதிவைக்கிறேன்.

திராட்சையை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, காலிப் பெட்டியைக் காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு மதுரைக்குப் போனேன். ஆண்டிபட்டி கணவாய் தாண்டும்வரை திரும்பிவிடலாம் என்ற எண்ணம் இருந்தது. திரும்பவில்லை. பரீட்சை எழுதினேன். பெட்டிக் கணக்கு ஒன்றாவது வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஒவ்வொரு கணக்கிலும் முதல் கூற்றைத் திரையில் கையால் மூடினேன். கண்காணிப்பாளர் ஒரு முறை வந்து என்னவென்று பார்த்துவிட்டுப் போனார்.

அங்கிருந்து வீட்டுக்கு வராமல் நேரே ஓடைப்பட்டி. அவர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் இருந்தார். பெட்டியை இறக்கி வைத்தேன்.

"இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்த?"

"இன்னைக்குத்தான் பரீட்சை எழுதிட்டு வர்றேன் அண்ணே."

"அது போன மாசமே முடிஞ்சிருக்கணும்ல?"

"போன மாசம்தான் இருந்துச்சு. ஆபீஸ் வேலைன்னு நான்தான் தள்ளிப்போடலாமான்னு கேட்டேன். அவளும் சரின்னுட்டா. டாக்டர் சொன்னது எனக்குத் தெரியாது அண்ணே."

பந்தல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குத் திட்டு விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் தேவலை.

"கேட்டப்ப அவ எப்படி இருந்தா?"

"சிரிச்சா."

"நல்லா சிரிச்சாளா?"

"நல்லா சிரிச்சா அண்ணே."

அவர் தலையை ஆட்டினார். காலிப் பெட்டியை எடுத்து, கவிழ்த்துத் தட்டி, மற்றப் பெட்டிகளின் மேல் அடுக்கினார். நான் காரில் ஏறும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அடுத்த அறுப்புக்கும் பெட்டி வரும். வீட்டுல இரு."